உப்பா, சண்டைக்காரியா

தொடக்கூடாது. தொடமாட்டேன். கைய மடியில வச்சுக்கிட்டு இந்த முக்காலியில உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். முத்தரசி வந்து சேந்தபெறவுதான் சட்டியத் தொடணும்னு சட்டம் போட்டவளே நான்தான், நானே எடுத்துக் கவுத்துப் பாத்துட்டா அந்தப் பிள்ளைகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ‘ஏட்டி, பொறுமையா இரு’ன்னு சொல்லுவேன். ஆனா பாக்கலாம்லா. பாக்கக்கூடாதுன்னு சட்டத்துல இல்ல. பாக்கேன். வெள்ளவெளேர்னு நிக்குது கோரை. எல்லாச் சட்டியிலயும் இல்ல, பாதிச் சட்டியில. நடுக்குருத்து ஒண்ணு உள்ள இருந்து வருது பாருங்க, அதுல பச்சைங்கிற பேச்சே இல்ல, மாவுல முக்கி எடுத்தாப்ல இருக்கு. பக்கத்துலயே அதே சட்டியில நட்ட நெல்லு நாத்து நிக்கிதா, அதுக்கு ஒண்ணும் ஆவல, நுனி கொஞ்சம் காஞ்சிருக்கு, மத்தபடி நல்லாத்தான் நிக்குது. இதத்தான் இத்தனை வருசமாத் தேடுனேன். கோரை சாகணும், நெல்லு பொழைக்கணும். சொல்லுதப்போ எவ்வளவு சின்ன விசயமா இருக்கு. பச்சை வலை போட்ட கூடம் இது, காலேஜுக்குப் பின்னாடி, சைக்கிள் ஸ்டாண்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவுல, மழை பெஞ்சா ஒழுகும், வெயில் அடிச்சா வேகும். ரிட்டையர் ஆனபெறவும் இந்தக் கூடத்தையும் மேல கடல்பூஞ்சை வளக்கிற ஒரு குளிரு ரூமையும் எங்கிட்ட விட்டு வச்சிருக்காக, ஏன் விட்டு வச்சிருக்காகன்னா கிழவி பேசியே கொன்னுருவான்னு பயம். பத்து மணிக்கு நமச்சிவாயம் வாராரு. பேராசிரியர் நமச்சிவாயம், ஆய்வுக்குப் பணம் குடுக்கிற குழுவுல பெரிய ஆளு. அவரு வந்து ‘கோரையக் கொன்னது உப்புதான், பூஞ்சை இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா கதை முடிஞ்சுது, குளிரு ரூமுக்குப் பூட்டு, முத்தரசி எழுதிக்கிட்டிருக்கிற டாக்டர் பட்ட ஆய்வு பாதியில அந்தரத்துல. சொல்லமாட்டாரு. சொல்ல விடமாட்டேன்.

போன தடவை சொன்னாருல்லா. அதுதான் நெஞ்சுல முள்ளாட்டம் நிக்குது. நல்ல மனுசன்தான், குத்தம் சொல்லக்கூடாது, நான் வேலைக்குச் சேந்த காலத்துல அவரும் ஒல்லியா மீசை வச்சுக்கிட்டு மதுரையில இருந்தாரு, அவரு கல்யாணத்துக்கு நானும் போயிருக்கேன், அங்கன ரசத்துல உப்பே இல்ல, ஒரு ஆளு வாயத் தொறக்கல, நான்தான் பந்தியில உக்காந்து ‘உப்பு கொண்டாங்க’ன்னு கத்துனேன், பொண்ணு வீட்டுக்காரங்க இன்னிக்கும் என்னைய அந்த உப்புக்காரின்னுதான் சொல்லுவாகளாம். பாருங்க, அப்பவே எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உப்பு. போன தடவை வந்தாரு, வாடிப்போன கோரையப் பாத்தாரு, மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு, ‘டெல்பினா மேடம், இந்தப் பூஞ்சையக் கடல்தண்ணியிலதான வளக்கிறீங்க?’ன்னாரு. ஆமான்னேன். ‘வளத்து, பூஞ்சைய வடிகட்டி எடுத்துட்டு, மிச்சம் இருக்கிற தண்ணியச் செடிக்கு ஊத்துறீங்க.’ ஆமான்னேன். ‘கடல்தண்ணிய ஊத்துனா எதும்மா சாகாது?’ன்னாரு. கூட வந்த சின்னப் பையங்க ரெண்டு பேரு சிரிச்சானுவ. நான் அசரல. பூஞ்சை இல்லாத வெறும் கடல்தண்ணிய ஊத்துன சட்டியும் வச்சிருக்கோம் சார், அதுல கோரை சாகலன்னு சொல்லிட்டு முத்தரசியப் பாத்தேன். அவ மூஞ்சி வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப் போச்சு. ‘மேடம், அந்தச் சட்டிக்கு நான் ஆத்துத் தண்ணிதான் ஊத்துனேன்’னா. எல்லாரு முன்னாலயும். ஏட்டி, ஏன் அப்படிப் பண்ணுனன்னு நான் கேக்கக்கூட இல்ல, அவளே சொன்னா, ‘நெல்லு நாத்து நிக்கி மேடம், பயிருக்கு உப்புத்தண்ணி ஊத்த எனக்குக் கை வரல’ன்னு.

கை வரல. ஏரலுக்குப் பக்கத்துல ஆத்துப் பாசனத்துல பொறந்த பிள்ளை. மருந்து கலந்த தண்ணிய ஊத்தச் சொன்னா ஊத்துவா, ஏன்னா அது மருந்து. வெறும் உப்புத்தண்ணிய, ஒரு காரணமும் இல்லாம, பால் பிடிக்கப்போற பயிருக்கு ஊத்தணும்னா அவளுக்கு அது பிள்ளை வாயில மண்ணு போடுத மாதிரி. அவ ஊருல எவனோ எவன் வயலுலயோ பகையில ராத்திரியோட ராத்திரியா உப்பு மூட்டையக் கொட்டிட்டானாம், அதுக்காக ரெண்டு குடும்பமும் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரு வீட்டுச் சாவுக்கு ஒருத்தரு போறதில்லையாம். உப்பு கொட்டுனவன் வீட்டுல பொண்ணு எடுக்கமாட்டாகளாம். இது எனக்கு எப்படித் தெரியும்? நான் கடக்கரைக்காரி. எங்க வீட்டுல உப்புன்னா சோறு. எங்க வீட்டுக்காரரு ரேமண்டு, அவுக போயிச் சேந்து வருசம் ஆச்சு, உப்பளத்துலதான் மேஸ்திரியா இருந்தாக, சம்பளத்தோட ஒரு சாக்கு உப்பும் வீட்டுக்கு வரும், தெருவுல இருக்கிற அத்தனை பேரு கருவாட்டுக்கும் எங்க வீட்டு உப்புதான். உப்பளத்துக்காரன் பொண்டாட்டியும் ஆத்தங்கரைக்காரி மகளும் ஒரு மேசையில நின்னு ஆராய்ச்சி பண்ணுனா இப்படித்தான் ஆவும். நான் திட்டல. திட்டுனா அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும், வந்திருக்காது. மறுபடியும் போடுவோம்னேன். இந்தத் தடவை யாரும் யாரையும் ஏமாத்த முடியாத மாதிரிப் போடுவோம்.

அதான் சோழி. வெறும் கடல்தண்ணி போற சட்டியில அடியில ஒரு சோழி போட்டு, அது மேல மண்ணு போட்டு, அது மேல கோரையும் நெல்லும். சண்டைக்காரி, அதான் எங்க பூஞ்சை, அவ வளந்த தண்ணி போற சட்டியில சோழி கிடையாது. மத்ததெல்லாம் ஒண்ணுதான், அதே கடல்தண்ணி, பாதிக்குப் பாதி நல்ல தண்ணி கலந்து, பூஞ்சைக்குத் தீனியாப் போடுத அதே சர்க்கரை, அதே ஈஸ்ட்டு. சோழிச் சட்டியில சண்டைக்காரி மட்டும் இல்ல. முத்தரசி ஊத்தி முடிச்சிட்டு எல்லாத்தையும் கண்ண மூடிக்கிட்டுக் கலைச்சு வச்சிட்டா, இப்ப அவளுக்கே எது எதுன்னு தெரியாது. சட்டியக் கவுத்தாத்தான் தெரியும். வெளியூரு லேபுல எல்லாம் நம்பர் ஒட்டுவாக, கம்ப்யூட்டருல போடுவாக. நம்பர எவனும் படிச்சிருவான். சோழிய மண்ணுக்கடியில எவன் படிப்பான்? மஸ்கட்டுல இருக்க பேத்தி போன்ல கேட்டா, ‘ஆச்சி, நீங்க பல்லாங்குழி ஆடுறீங்களா?’ன்னு. ஆமாட்டி, பெரிய பல்லாங்குழிதான்னேன்.

சண்டைக்காரின்னு ஏன் பேரு வந்துச்சுன்னா, அதச் சொல்லாம இருக்க முடியாது, சொன்னாத்தான் கோரை வெளுக்கிறது எப்படின்னு புரியும். பூஞ்சைக்கு லத்தீனுல நீட்டமா ஒரு பேரு இருக்கு, அத யாரு கூப்புடுதா. ஐப்பசி கழிஞ்சு கடல் கொந்தளிச்ச ஒரு காலையில கரையோரமா நடந்து போறேன், ஒரு கட்டை ஒதுங்கிக் கெடக்கு. எந்தத் தோணியில இருந்து ஒடைஞ்சதோ, எத்தனை வருசம் தண்ணிக்குள்ள கெடந்ததோ, கப்பல்புழு தொளைச்சுத் தொளைச்சு இடியாப்பத் தட்டு மாதிரி ஆயிட்டு. அது மேல குண்டூசி முனை கணக்கா கருப்புக் கருப்பாப் புள்ளி. எனக்கு ஒடனே தெரிஞ்சிட்டு. கடலுக்குள்ள கட்டையத் திங்குற பூஞ்சை போட்ட வீடுல்லா அந்தப் புள்ளி. குனிஞ்சு எடுக்கப்போறேன், ஒரு காலு வந்து கட்டை மேல மிதிக்கி. நிமுந்து பாக்கேன், சந்தனம்னு ஒருத்தி, மீன அவிச்சு விக்கிறவ, இடுப்புல சீலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு நிக்கா. ‘இது எங்கட்டை’ன்னா. நான் ‘உங்கட்டையா, உங்க அப்பன் நட்ட மரமா?’ன்னேன். ‘நான் அங்கருந்தே பாத்துட்டேன்’னா. ‘பாத்தா ஒனக்காயிருமா, நான் சூரியனப் பாக்கேன், எனக்காயிட்டா?’ன்னேன். ‘படிச்ச பொம்பளை வெறகுக்கு அலையிதியே, ஒங்க வீட்டுல கேஸு இல்லையா?’ன்னு கேட்டா பாருங்க, நாலு பேரு கூடிட்டாக. கடைசியில, எங்க வீட்டுக் கொல்லையில கெடந்த பூவரசங்கட்டை அம்புட்டையும் தாறேன், இத விட்டுருன்னு கெஞ்சுனேன். ‘பூவரசு பொகையும், புளியங்கட்டை இருந்தாச் சொல்லு’ன்னா. புளியங்கட்டை வெலைக்கு வாங்கிக் குடுத்துட்டுத்தான் கட்டைய வீட்டுக்குக் கொண்டாந்தேன். ரேமண்டு வாசல்ல நின்னுக்கிட்டு, ‘ஏ டெல்பி, கட்டை வாங்கிக் கட்டை குடுத்த ஒரே ஆளு நீதான்’னாக. அந்தக் கட்டையில இருந்து வந்தவதான் இவ. சண்டையில வந்தவ, அதனால சண்டைக்காரி. ஆனா பேரு அதுக்கு மட்டும் இல்ல. லேபுல கண்ணாடித் தட்டுல வளக்கிறப்பவே பாத்தேன், பக்கத்துல எந்தப் பூஞ்சைய வச்சாலும் இவ கிட்ட வர விடமாட்டா, சுத்தி ஒரு கோடு போட்ட மாதிரி வெறுமையா நிக்கும். நியாயந்தான. கடல்ல ஒரு கட்டை, அந்த ஒரு கட்டைக்கு எத்தனை பேரு போட்டி. புழு, பாசி, சிப்பி, பாக்டீரியா, மத்த பூஞ்சை. ஓட எடமில்ல, சுத்தியும் தண்ணி. அப்ப என்ன பண்ணுவா, விஷம் காச்சுவா. அந்த விஷந்தான் இந்தக் கோரையில வெள்ளையா நிக்குது. நெலத்துல இருக்கிற பூஞ்சையெல்லாம் வெள்ளைக்காரன் தோண்டித் தோண்டிப் பாத்துட்டான். கடல்ல இருக்கிற சண்டைக்காரியள யாரு பாத்தா?

நெல்லுக்கு நடுவுல மொளைக்கிற கோரைய என்ன பண்ணியும் கொல்ல முடியல. புடுங்குனா கிழங்கு அடியில நிக்கும், ஒண்ணு நாலாவும். கடையில வாங்குற மருந்து அடிச்சா கெணத்துத் தண்ணியிலயும் அதுதான், வாய்க்கா மீனுலயும் அதுதான். முத்தரசி அம்மா ஒரு நா இங்க வந்திருந்தா, செல்லக்கனின்னு பேரு, முதுகு வளைஞ்சவ வளைஞ்சவதான், நிமிரவே இல்ல, அம்புட்டும் கோரை புடுங்குன வளைவு. இந்தக் கூடத்துல நின்னுக்கிட்டு, சட்டியில நாங்க கோரைய நட்டு, தண்ணி ஊத்தி, உரம் போட்டு வளக்கிறதப் பாத்துட்டு, வாயில கைய வச்சுட்டா. ‘இதுக்கா என் மவள மெட்ராஸ் வரைக்கும் படிக்க வச்சேன்’னா. ‘கோரைய வளக்கவா?’ முத்தரசிக்கு வெக்கமாப் போச்சு. நான் சொன்னேன், ‘வளத்துக் கொல்லுதோம் அக்கா’ன்னு. ‘எங்க வயலுக்கு வாங்க, வளக்காமலே இருக்கு’ன்னா. அப்படிப் பேசுனவ போறப்ப மெதுவா எங்கிட்ட, ‘சாவுமா டீச்சர்?’ன்னு கேட்டா. நான் சாவும்னேன். யோசிக்காமச் சொன்னேன். அப்படித்தான் நான், சொல்லிட்டு அப்பெறம் செஞ்சு முடிப்பேன்.

அதனால உப்புன்னு ஒருத்தரு சொல்லிட்டுப் போகட்டும்னு விட முடியுமா. உப்பு செடிய எப்படிக் கொல்லும்னு எனக்கா சொல்லித்தரணும்? ரேமண்டு வேலை பாத்த அளத்துல, ஆபீசு வாசல்ல ஒரு வேம்பு நட்டாக. அவுக நடாதீகன்னுதான் சொன்னாக, மொதலாளி வீட்டம்மா ஆசைப்பட்டு நட்டாக. நான் மத்தியானச் சோறு கொண்டு போறப்பல்லாம் அதப் பாப்பேன். இலை நுனியிலதான் மொதல்ல புடிக்கும். நுனி பழுப்பாவும், அப்பெறம் ஓரம் பழுப்பாவும், தீயில காட்டுன காயிதம் மாதிரி வெளிய இருந்து உள்ள வரும். பழைய இலை மொதல்ல போவும், கொழுந்து கடைசி வரைக்கும் போராடும். கெழவி மொதல்ல சாவுற மாதிரி. உப்புக்கு அந்த நியாயம் உண்டு. இந்தக் கோரையப் பாருங்க. பழைய இலை பச்சையா நிக்கி, கொழுந்து வெளுத்துக் கெடக்கு. உள்ள இருந்து வெளிய வருது. பச்சைய உண்டாக்குற எடத்துலயே கைய வச்சிருக்கு. இது உப்பு இல்ல, சத்தியமா இல்ல, இது சண்டைக்காரி வேலை. சட்டியக் கவுக்காமலே நான் சொல்லுவேன், வெள்ளையா நிக்கிற சட்டியில ஒண்ணுலகூடச் சோழி இருக்காது. இருந்தா என் பேர மாத்திக்கிடுதேன்.

அப்பெறம் ஏன் நெஞ்சு இப்படி அடிக்கி. காப்பி குடிக்காம வந்துட்டேன், அதா இருக்கும். ஹார்பருல கப்பல் ஊதுது. வலைக்கு மேல ஒரு காக்கா உக்காந்து உக்காந்து எந்திரிக்கி, அது உக்காருறப்பல்லாம் சட்டி மேல நெழலு விழுது, எந்த இலை என்ன நெறம்னே தெரியமாட்டேங்கு. போ சனியனே. பச்சைச் சட்டிய இப்பத்தான் பாக்கேன். இவ்வளவு நேரமும் வெள்ளைச் சட்டியவே பாத்துக்கிட்டிருந்தேன், செத்தவனையே பாத்துக்கிட்டு இருக்கிறவனப் பாக்காத துட்டி வீடு மாதிரி. பச்சையா நிக்கிற கோரை. சோழி இருக்க வேண்டிய சட்டி. நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கே. உப்புத்தண்ணி குடிச்ச நெல்லுன்னா நுனி காஞ்சிருக்கணும்லா, வெள்ளைச் சட்டியில காஞ்சிருக்க மாதிரி. காஞ்சிருக்கா? கண்ணாடி. கண்ணாடிய வீட்டு மேசையில வச்சுட்டு வந்துட்டேன். இந்தக் கண்ண வச்சுக்கிட்டு வெள்ளைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியும், நுனி காஞ்சது தெரியாது. எட்டிப் பாக்கேன், கழுத்து வலிக்கி. காஞ்சிருக்க மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. தொட்டுத் தடவுனாத் தெரிஞ்சிரும். தொடக்கூடாது.

அவ ஊத்துனாளா? இந்தத் தடவை ஊத்துனாளா? நான் பக்கத்துல நிக்கல. நின்னாச் சோழி விளையாட்டு கெட்டுப்போவும்னு நான்தான் வீட்டுக்குப் போனேன். போவறப்ப அந்தப் பிள்ளை வாளியப் பிடிச்சுக்கிட்டு நின்ன நிப்பு இப்பக் கண்ணுல வருது. என்னையப் பாக்கல, நாத்தப் பாத்துக்கிட்டு நின்னா. உதடு அசைஞ்சுது, செபம் மாதிரி. அவளுக்கு என்ன செபம், அவ முத்தாரம்மனுக்கு வேண்டுறவ. கை வரலன்னு ஒரு தடவை சொன்ன கை, மறு தடவை வருமா? எனக்கு வந்துச்சா? ரேமண்டுக்குக் கடைசி நாளுல சக்கரை, சோறு ஒரு கரண்டிக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, அவுக தட்டப் பாத்துட்டு என்னையப் பாப்பாக, என் கை தானா ரெண்டாவது கரண்டியப் போட்டுரும். படிச்சவதான நான். கைக்குப் படிப்பு கிடையாது. அவ ஆத்துத் தண்ணி ஊத்தியிருந்தான்னா வெள்ளையும் பொய், பச்சையும் பொய். சண்டைக்காரிதான் கொன்னான்னு எனக்குத் தெரியும், இலை சொல்லுது, ஆனா நமச்சிவாயத்துக்கு இலை பேசுத பாஷை தெரியாது, அவருக்குச் சோழிச் சட்டியில உப்பு வேணும். உப்பு இருக்கணும், கோரை பச்சையா நிக்கணும், ரெண்டும் ஒரே சட்டியில. போன தடவையில இருந்து உப்பு இல்ல, உப்பு இல்லன்னு சாதிச்சவ, இப்ப மாதாவே, இந்த மண்ணுல உப்பு இருக்கணும்னு வேண்டுதேன். ஒரு கிள்ளு எடுத்து நாக்குல வச்சாத் தெரிஞ்சிரும். ரேமண்டு அப்படித்தான் பாப்பாக, பாத்தியில ஒரு வெரல முக்கி நாக்குல வச்சு, ‘நாளைக்கு உப்பு வாரலாம்’ம்பாக, மீட்டர் வச்சுப் பாக்கிற பையன் அப்பெறம் வந்து அதையேதான் சொல்லுவான். எனக்கும் பழக்கிவிட்டாக. ஒரு கிள்ளு. சட்டியத் தொடாம, சட்டிக்கு அடியில வச்ச தட்டுல வழிஞ்சு கெடக்கிற மண்ண மட்டும். அது சட்டி இல்லலா, தட்டுதான. கை நீளுது பாருங்க. டெல்பினா, கைய எடு. நீ இப்ப நாக்குல வச்சுப் பாத்தா, அது அந்தப் பிள்ளைய நம்பலன்னு அர்த்தம். அவ வந்தபெறவு அவ மூஞ்சியப் பாத்தா உனக்கே தெரிஞ்சிரும். மூஞ்சியும் ஒரு இலைதான.

செருப்புச் சத்தம். ஓடி வாரா. ‘மேடம், பஸ்ஸு ஸ்ரீவைகுண்டத்துலயே நின்னுட்டு மேடம், அடுத்த பஸ்ஸுல ஏற எடமே இல்ல, அந்த சாரு கேட்டுல எறங்குதாரு மேடம், இப்பத்தான் பாத்தேன்.’ மூச்சு வாங்குது. வந்ததும் வராததுமா சட்டியப் பாக்கா. வெள்ளைக் கோரையப் பாத்து ஒரு சிரிப்பு, சிரிச்ச வாய் மூடல, கண்ணு பச்சைச் சட்டிக்குப் போயிட்டு. நாத்தோட நுனிய வெரலால தொட்டா. மெதுவா. காய்ச்சக்காரப் பிள்ளை நெத்தியத் தொடுத மாதிரி. நான் கேக்கக்கூடாதுன்னு நெனச்சேன். வாயி நெனச்சத எப்பக் கேட்டுருக்கு. ‘ஏட்டி, ஊத்துனியா?’ அவ திரும்பவே இல்ல. ‘ஊத்துனேன் மேடம்’னா. ‘ஒவ்வொரு சட்டிக்கும் மன்னிப்புக் கேட்டுட்டு ஊத்துனேன்.’ அப்பெறம் மூக்க உறிஞ்சிக்கிட்டு, ‘எங்கம்மாட்ட மட்டும் சொல்லிராதீங்க’ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு, ரெண்டையும் ஒரே சீலைத் தலைப்புல தொடைச்சேன். நம்புதேன். நாக்குல வைக்கல, நம்புதேன். கவுத்துப் போடுட்டின்னேன்.

வெள்ளைச் சட்டி மொதல்ல. தட்டித் தட்டிக் கவுத்தா, வேரோட மண்ணு கேக்கு மாதிரி வந்து விழுது. நான் வெரலால பிச்சுப் பிச்சுப் பாக்கேன். சோழி இல்ல. அடுத்தது. இல்ல. அடுத்தது, இல்ல. பச்சைச் சட்டிய எடுத்தா, கவுத்த ஒடனே சோழி உருண்டு மேசை மேல ஓடி என் மடியில விழுந்துச்சு. அடுத்ததுலயும் சோழி. முத்தரசி குதிக்காத கொறைதான். நான் பேர மாத்த வேண்டியதில்ல. ‘பாத்தியளா மேடம்’ங்கா, நான்தான் சொன்னேன்ங்கேன், நீங்க எங்க சொன்னீகங்கா. கடைசிச் சட்டி ஒண்ணு, பச்சைதான், கோரை செழிப்பா நிக்கி. கவுத்தா. சோழி இல்ல. மறுபடி பிச்சுப் பாத்தோம். இல்ல. சண்டைக்காரி தண்ணி குடிச்சும் அந்த ஒரு கோரை சாகல, வெளுக்கல, கிழங்கு கொழுகொழுன்னு இருக்கு. முத்தரசி மூஞ்சி வாடிட்டு. ‘இத எடுத்து உள்ள வச்சிரட்டுமா மேடம்?’ங்கா. ‘எதுக்குட்டி உள்ள? மேசை மேல வை. முன்னால வை. அவரு மொதல்ல பாக்க வேண்டியது அதுதான்’னேன். சாகாதது ஏன் சாகலன்னு தேடுனா இன்னும் பத்து வருசத்துக்கு வேலை இருக்கு. எல்லாம் செத்துட்டா நமக்கு என்ன வேலை. கோரையிலயும் ஒரு சண்டைக்காரி இருக்கா, அவ்வளவுதான். தாயி, ஒனக்கும் ஒரு நா இருக்கு.

நமச்சிவாயம் உள்ள வாராரு. மீசை வெள்ளையாயிட்டு, நடை தளந்துட்டு, கையில மருந்துப் பை. சின்னப் பையங்க பின்னால. ‘என்ன டெல்பினா மேடம், நல்லாருக்கீங்களா?’ன்னு கேட்டுக்கிட்டே கண்ணு மேசைக்குப் போயிட்டு. சோழி எதுக்குன்னு நான் சொல்லச் சொல்ல, வெள்ளைக் கோரைய எடுத்துப் பாத்தாரு, திருப்பிப் பாத்தாரு, சோழிச் சட்டியப் பாத்தாரு, சாகாத அந்த ஒண்ணையும் பாத்தாரு, அதுல ரொம்ப நேரம் நின்னாரு. நல்லது. பாக்கத் தெரிஞ்ச ஆளு. அப்பெறம் கண்ணாடியக் கழட்டுனாரு. தொடைக்கப் போறாரு. எனக்குத் தெரியும் என்ன கேக்கப் போறாருன்னு. ‘இந்தச் சோழிச் சட்டிக்கு ஊத்துனது…’ன்னாரு, ஒரு கண்ண முத்தரசி மேல வச்சுக்கிட்டு, ‘இந்தத் தடவை கடல்தண்ணிதானா?’ அந்தப் பிள்ளை என்னையப் பாத்தா. உண்மையச் சொல்லியே ஒரு தடவை பட்டவ, மறுபடி உண்மையச் சொன்னா யாரு நம்புவான்னு நிக்கா. நான் சோழிச் சட்டி மண்ணுல ஒரு கிள்ளு எடுத்து உள்ளங்கையில வச்சு நீட்டுனேன். ‘வாயில வையுங்க சார்.’ பையங்க இந்தத் தடவை சிரிக்கல. ‘சண்டைக்காரி இல்லாத சட்டி சார், வெறும் மண்ணும் தண்ணியுந்தான். வையுங்க.’ ‘டாக்டர் எனக்கு உப்ப நிறுத்தியே ரெண்டு வருசம் ஆச்சும்மா’ன்னாரு, பாதி வெளாட்டு, பாதி ஏக்கம். ‘உப்பு இருந்தாத்தான சார் டாக்டரு கோவிப்பாரு’ன்னேன்.

எடுத்தாரு. எடுத்துட்டாரு. நாக்கு நுனியில வச்சாரு. நானும் இன்னும் வச்சுப் பாக்கலன்னு அவருக்குத் தெரியாது. முத்தரசிக்குத் தெரியும், என் கையையே பாத்துக்கிட்டு நிக்கா. காக்கா எந்திரிச்சுப் போயிட்டு, வலைக்கு மேல வெயிலு. அவரு கண்ண மூடுனாரு. மூடுன கண்ணு தொறக்கல. மண்ணு சப்புதாரா, இல்ல மதுரையில அந்தக் கல்யாண ரசத்த நெனைக்காரா. அந்த நேரத்துல நான் என்ன நெனச்சேன்னா, ஒண்ணும் நெனைக்கல, ஒரு வார்த்தைகூட உள்ள ஓடல, என் வாழ்க்கையில அப்படி நடந்ததே கிடையாது. அவரு கண்ணத் தொறந்தாரு. உதட்ட ஒரு தடவை நக்கிக்கிட்டாரு. ‘கரிக்குது’ன்னாரு. கரிக்குது. பச்சைக் கோரையப் பாத்தாரு, அந்த உப்புலயே காலூனி நிக்கிற கோரைய, வெள்ளைக் கோரையப் பாத்தாரு, ‘நல்லாவே கரிக்குதும்மா’ன்னாரு. முத்தரசி எம் பின்னால நின்னுக்கிட்டு என் சீலைய இறுக்கிப் பிடிச்சா. நமச்சிவாயம் கையத் தொடைப்பாருன்னு நான் துண்ட நீட்டுனேன். அவரு துண்டப் பாக்கல. யாரும் கவனிக்கலன்னு நெனச்சுக்கிட்டு, சோழிச் சட்டியில இன்னொரு கிள்ளு எடுத்தாரு.